கவுன்டி சட்ட நூலகம் வெள்ளிக்கிழமை மூடல்: பணம் எங்கிருந்து வருகிறது, முடிவு யார் கையில்?

தாமிரபரணி (கலிபோர்னியா)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நாம் பெரும்பாலும் விசா, பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வாடகை வீட்டைக் காலி செய்தோம். டெபாசிட் 3,200 டாலர். நாற்பது நாள் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கார்ப்பெட் மாற்றினாராம், பெயின்ட் அடித்தாராம், மிச்சம் 140 டாலர்தானாம். ரசீது ஒன்றுகூட இல்லை. வக்கீலிடம் போனால் அவருக்குக் கொடுப்பதற்கே டெபாசிட் சரியாகிவிடும். பக்கத்து வீட்டு அம்மாதான், "கோர்ட்டுக்கு எதிரே சட்ட நூலகம் இருக்கு, போய்ப் பாரேன்" என்றார். அது வக்கீல்களுக்கு மட்டும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனேன். அடையாள அட்டை கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. மேசையில் இருந்த நூலகர் அம்மா நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நான் சட்ட ஆலோசனை தர முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட முடியும்" என்றார். மாநிலத்தின் சிவில் சட்டத் தொகுப்பான சிவில் கோடு தொகுதியை எடுத்து 1950.5 பிரிவைத் திறந்து, ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி என் முன்னால் வைத்தார். வீடு காலி செய்த 21 நாளுக்குள் வீட்டுக்காரர் கணக்குக் காட்ட வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பணத்தைப் பிடித்து வைத்தால், டெபாசிட்டைப் போல இரண்டு மடங்கு வரை கூடுதலாகக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம். இரண்டு பத்திதான், ஆங்கிலமும் கடினமில்லை. அப்புறம் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சாதாரண ஆளுக்காக எழுதிய ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். மூன்று நாள் போய் உட்கார்ந்து படித்தேன். வழக்கு ஜெயித்தது. டெபாசிட் முழுவதும் வந்தது, மேலே ஆயிரம் டாலரும் வந்தது.

நன்றி சொல்லலாம் என்று போன வாரம் வெள்ளிக்கிழமை போனேன். கதவில் தாள் ஒட்டியிருந்தது: இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைகளில் மூடல், காரணம் வருவாய்க் குறைவு. அதே கதவுக்கு முன்னால், கையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் சம்மனோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தாளைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த நூலகத்துக்குப் பணம் யார் தருகிறார்கள்? நகரமா, கவுன்டியா (நம்மூர் மாவட்டம் மாதிரி), மாநிலமா? மூடுவது என்று முடிவெடுத்தது யார்? யாரிடம் போய்ப் பேசுவது?

---

பழையஏடு (சாக்ரமென்டோ பக்கம்)

தம்பி, நான் ஒரு கவுன்டி சட்ட நூலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: வழக்குப் போடுகிறவர்கள்தான் பணம் தருகிறார்கள். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

1891-லேயே கலிபோர்னியா சட்டமன்றம் கவுன்டி சட்ட நூலகங்களுக்குச் சட்டம் போட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் சட்ட நூலகமும் சாக்ரமென்டோ சட்ட நூலகமும் அந்த வருடம் பிறந்தவைதான். இன்று 58 கவுன்டிக்கும் இது உண்டு. சட்டம் 'பிசினஸ் அண்ட் புரொஃபெஷன்ஸ் கோடு' என்ற மாநிலச் சட்டத் தொகுப்பின் 6300-இல் தொடங்கும் பிரிவுகளில் இருக்கிறது. சிவில் வழக்கில் முதல் மனு போடும்போது கட்டும் கட்டணத்தில் ஒரு துண்டு சட்ட நூலகத்துக்குப் போகும். 35,000 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்றால் முதல் மனுக் கட்டணம் பெரும்பாலான கவுன்டிகளில் 435 டாலர். அதில் நூலகத்தின் பங்கு கவுன்டிக்குக் கவுன்டி மாறும். நூலகங்களின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தத் துண்டுகள்தான். நகல் எடுக்கும் காசு, அறை வாடகை, வக்கீல்களுக்கான வகுப்புக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல் சில்லறை.

அப்படியானால் வழக்கு குறைந்தால் வருமானம் குறையும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கடன் வசூல் வழக்குகள் குவிந்தன. அது வடிந்ததும் வழக்கு எண்ணிக்கை சரிந்தது, பணமும் சரிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழைகள் கட்டண விலக்கு கேட்டு எஃப்டபிள்யூ-001 படிவம் கொடுப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அப்படிக் கட்டணம் தள்ளுபடியான வழக்கில் நூலகத்துக்கு ஒரு காசு வராது. அந்த விலக்குப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுத்ததே எங்கள் நூலகமாக இருக்கும். எங்களிடம் அதிகம் வருகிறவர்களால் எங்களுக்கு வருமானமே இல்லை. இதைப் பதினான்கு வருடமும் தினம் பார்த்தேன்.

2006-க்கு முன்னால் ஒரு வழி இருந்தது. நூலகச் செலவுக்குத் தேவை என்றால் கவுன்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு அந்தப் பங்கை வருடத்துக்கு 3 டாலர் வரை கூட்டலாம். 2005-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரிக் கட்டணம் என்று சட்டம் போட்டு, 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வழக்குப் போடுகிறவருக்கு அது நல்லதுதான், குழப்பம் குறைந்தது. ஆனால் உள்ளூரில் கூட்டிக்கொள்ளும் கதவு மூடிப்போயிற்று. அன்றைக்கு எந்தக் கவுன்டி எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே உறைந்துவிட்டது. முன்யோசனையோடு வருடாவருடம் கூட்டிய கவுன்டி தப்பித்தது. மக்களுக்குப் பாரம் வேண்டாம் என்று கூட்டாமல் இருந்த கவுன்டி மாட்டிக்கொண்டது.

---

கூகை

அக்கா, மரியாதையோடு ஒரு கேள்வி. சட்டமெல்லாம் மாநில அரசின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறதே. படிவங்களும் நீதிமன்றத் தளத்தில் இருக்கின்றன. பொது நூலகம் ஊருக்கு ஊர் இருக்கிறது, அங்கே நாலு கணினி போட்டால் போதாதா? இதற்கென்று தனிக் கட்டடம், தனிக் குழு, தனிச் செலவு எதற்கு? நான் எதிர்ப்பதற்காகக் கேட்கவில்லை, என் வரிப்பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

---

பழையஏடு

நியாயமான கேள்வி. முதலில் ஒன்று, இது உங்கள் வரிப்பணமில்லை. மேலே சொன்னபடி வழக்குக் கட்டணம். கவுன்டி தருவது பெரும்பாலும் இடம்தான். 6361-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நூலகத்தை நடத்தும் அறங்காவலர் குழு கேட்டால் கவுன்டி போதுமான இடம் தர வேண்டும் என்று இருக்கும். அந்த இடத்தோடு மேசை நாற்காலி, ஜன்னல் திரை, தரை விரிப்பு, விளக்கு, குளிர் காலத்துக்கு வெப்பம், தொலைபேசி, துப்புரவு ஆள் வரை சேர்த்துத் தரலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் ஏதோ ஒரு குளிரான அறையில் உட்கார்ந்து படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இனி இணையம். சட்டப் பிரிவு இணையத்தில் கிடைக்கும். அந்தப் பிரிவை நீதிமன்றங்கள் எப்படிப் புரிந்துகொண்டன என்று விளக்கும் உரைநூல்கள் கிடைக்காது. வக்கீல்கள் கையில் வைத்திருக்கும் பயிற்சி நூல்களும் கிடைக்காது. வெஸ்ட்லா, லெக்ஸிஸ் மாதிரியான தரவுத்தளங்களுக்குத் தனி ஆள் சந்தா கட்ட முடியாது. நூலகம் கட்டுகிறது, நீங்கள் அங்கே போய் இலவசமாகத் தேடலாம்.

புத்தகம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சட்டப் புத்தகத்தின் பின் அட்டையில் உள்பக்கம் ஒரு சிறு பை மாதிரி இருக்கும். சட்டம் மாறியதும் பதிப்பகம் மெல்லிய புத்தகம் ஒன்றை அனுப்பும், அதை அந்தப் பையில் செருக வேண்டும். பழையதை உருவி, புதியதைச் செருகி, முத்திரை போட்டு, அடுத்த தொகுதி. ஜனவரி வந்துவிட்டால் என் விரல் நுனியெல்லாம் காகிதம் கிழித்திருக்கும். அந்தப் புதுப்பிப்புக்கு வருடாவருடம் பணம். விலை ஏறும், இறங்கியதை நான் பார்த்ததில்லை. செருகாமல் விட்டால் வாசகர் பழைய சட்டத்தைப் படித்துவிட்டு நீதிபதி முன்னால் போய் நிற்பார். உதாரணம் சொல்கிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் பதில் கொடுக்க 2024 வரை 5 நாள்தான், சனி ஞாயிறும் நீதிமன்ற விடுமுறையும் கழித்து. 2025 ஜனவரி 1 முதல் 10 நாள். பழைய புத்தகம் பார்த்தவர், ஐந்து நாள் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டைக் காலி செய்துவிட்டே போயிருப்பார்.

---

கூகை

சரி அக்கா, அந்த உதாரணம் மனதில் பட்டது. ஏஐ-யிடம் கேட்டால் ஆகாதா என்று எழுத இருந்தேன். நானே பதில் சொல்லிவிடுகிறேன். 2023-இல் நியூயார்க்கில் விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு ஒன்றில், ஏஐ கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே மனுவில் எழுதி 5,000 டாலர் அபராதம் கட்டினார்களே. வக்கீலுக்கே அந்தக் கதி என்றால் சாதாரண ஆள் என்ன செய்வார்.

ஆனாலும் பொது நூலகத்தோடு சேர்ப்பது பற்றி இன்னும் யோசிக்கிறேன்.

---

ஹூஸ்டன்வாசி

டெக்சாஸ் எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட உதவும். இங்கே கலிபோர்னியா மாதிரி கட்டாயம் இல்லை. கவுன்டியின் கமிஷனர்ஸ் கோர்ட் விரும்பினால் சட்ட நூலகம் தொடங்கலாம். பெயரில் கோர்ட் இருந்தாலும் அது நீதிமன்றமில்லை, கவுன்டியை ஆளும் குழு. நிர்வாகத்தை வக்கீல் சங்கம் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் ஒப்படைக்கவும் செய்யலாம், ஆனால் கடைசி ஒப்புதல் கமிஷனர்ஸ் கோர்ட்டுடையதுதான்.

பணம் இங்கேயும் வழக்குக் கட்டணத்திலிருந்துதான். 2022 ஜனவரி 1 முதல் கட்டணத்தை ஒன்றாக்கினார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் புது சிவில் வழக்குக்கு மாநிலப் பங்கு 137, உள்ளூர்ப் பங்கு 213, ஆக 350 டாலர். அந்த 213-இல் 35 டாலர் கவுன்டி சட்ட நூலக நிதிக்கு. முன்பெல்லாம் 35 வரை எவ்வளவு என்று கவுன்டிதான் முடிவு செய்யும்.

எங்கள் ஹாரிஸ் கவுன்டி நூலகம் 2011 முதல் கவுன்டி அட்டர்னி (கவுன்டி அரசின் வக்கீல்) அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. ராபர்ட் டபிள்யூ. ஹெயின்ஸ்வொர்த் என்ற கறுப்பின வழக்கறிஞரின் பெயரைத் தாங்கியது. இனப்பிரிவினைக்கு எதிராக நின்றவர். நூலகக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அங்கே ஒரு காலத்தில் பெரிய போராட்டம். அதனால் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் கால் நிற்கும்.

என் கருத்து, டெக்சாஸ் முறையில் பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. நாம் ஓட்டுப் போட்ட கமிஷனரைப் பிடித்துக் கேட்கலாம். கலிபோர்னியாவில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

---

பழையஏடு

தெரிய வேண்டியதுதான். சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் பொதுவாக அறங்காவலர் குழுவில் குறைந்தது ஆறு பேர், அதிகம் போனால் ஏழு பேர். அதில் பெரும்பான்மை கவுன்டியின் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகள். மூன்றுக்கு மேல் நீதிபதிகள் உள்ள கவுன்டியில் அவர்களே தங்களுக்குள் நான்கு அல்லது ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மேற்பார்வையாளர் குழுவின் தலைவருக்குப் பதவி வழியாக ஓர் இடம். அவர் தனக்குப் பதிலாக வேறொரு மேற்பார்வையாளரையோ வக்கீலையோ நீதிபதியையோ அனுப்பலாம். மீதி இடங்களுக்கு அந்தக் கவுன்டி வக்கீல்களை மேற்பார்வையாளர் குழு நியமிக்கும். சம்பளம் இல்லை, கௌரவப் பதவி. சில கவுன்டிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு, சான் டியாகோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆக இது கவுன்டி அரசின் துறையல்ல, நீதிமன்றத்தின் கிளையும் அல்ல. தனி அமைப்பு. ஊழியரை வைப்பதும், பட்ஜெட் போடுவதும், எத்தனை மணி வரை திறப்பது என்பதும் குழுவின் முடிவு. தம்பி கேட்டாரே, வெள்ளிக்கிழமை மூடியது யார் என்று. இவர்கள்தான்.

இதில் எனக்கு மதிப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. நீதிபதிகள் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. எங்கள் குழுவில் இருந்த ஒரு நீதிபதி மதிய உணவு இடைவேளையில் வந்து, எந்த மேசையில் யார் என்ன படிக்கிறார் என்று சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போவார். தன் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் வந்து தடுமாறுகிறவர்களைத் தினம் பார்க்கிறவர் அவர். ஆனால் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள், அல்லது பதவியில் இருப்பவர்கள். நூலகத்துக்கு வருகிற பாதிப் பேருக்கு மேல் சட்டம் படிக்காதவர்கள். எங்கள் மேசையில் அப்படித்தான் இருந்தது. அவர்கள் சார்பில் ஒரு நாற்காலி கிடையாது.

---

செல்லப்பன்_ஒஹாயோ

இதே விஷயம் இங்கே பெரிய சர்ச்சையாகி முடிந்தது. ஒஹாயோவில் கவுன்டி சட்ட நூலகம் என்றால் வக்கீல்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். சின்சினாட்டியில் 1834-லேயே தொடங்கிவிட்டார்கள். அப்புறம் மாநிலச் சட்டம் அந்தச் சங்கங்களுக்குப் பொதுப்பணம் கொடுத்தது. எந்தப் பணம் தெரியுமா? அபராதம். முனிசிபல் நீதிமன்ற அபராதம், நெடுஞ்சாலைக் காவல் பிடிக்கும் போக்குவரத்து அபராதம், மதுச் சட்ட அபராதம். இவற்றில் ஒரு பங்கு நூலகத்துக்கு. நீங்கள் வேகமாகக் கார் ஓட்டி மாட்டினால் அந்தக் காசில் ஒரு சட்டப் புத்தகம் வாங்குவார்கள்.

பணம் பொதுப்பணம், செலவு செய்வது தனியார் சங்கம். இது சரியா என்ற கேள்வி ரொம்ப நாள் ஓடியது. 2008-இல் சட்டம் மாற்றி, 2010 ஜனவரி 1 முதல் 88 கவுன்டிக்கும் ஐந்து பேர் கொண்ட பொது வாரியம் வந்தது. பணம் கவுன்டிக் கருவூலத்தில் தனி நிதியாக இருக்கிறது. கவுன்டிகளுக்குப் பொதுவாக ஒரு கூட்டமைப்பும் வைத்தார்கள்.

பொது வாரியம் வந்தது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வருமானத்தின் வேர் மாறவில்லை. அபராதம் குறைந்தால் நூலகம் இளைக்கும். போலீஸ் குறைவாக டிக்கெட் கொடுப்பது ஊருக்கு நல்லது, நூலகத்துக்குக் கெட்டது. ஒரு பொதுச் சேவையை இப்படி எதிரெதிரான இடத்தில் கட்டிப்போடக் கூடாது.

---

கணக்கப்பிள்ளை (பே ஏரியா)

தொழிலில் கணக்காளன். தாமிரபரணி சொன்னதைப் படித்துவிட்டு, பொதுவில் கிடைக்கும் சில சட்ட நூலகக் கணக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நூலகமும் ஆண்டறிக்கையை மேற்பார்வையாளர் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஆகவே கேட்டால் கிடைக்கும். ஒன்று மட்டும் எழுதுகிறேன்.

சில நூலகங்களில் சேமிப்பு நிதி கணிசமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "பணம் இருக்கிறதே, ஏன் மூடுகிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம். வருமானம் வருடாவருடம் சரிகிற அமைப்பு சேமிப்பில் கைவைத்துத்தான் சம்பளம் கொடுக்கும். நல்ல வருடத்தில் சேர்த்ததை வறண்ட வருடத்தில் கரைக்கிறார்கள். நம் வீட்டுக் குதிர் மாதிரிதான். குதிரில் நெல் இருக்கிறது என்பதால் மழை பெய்தது என்று ஆகிவிடாது. எத்தனை மாதச் செலவுக்கு அந்தச் சேமிப்பு வரும், எந்த வேகத்தில் கரைகிறது என்று கேளுங்கள்.

2018-இல் மாநில பட்ஜெட் எல்லாக் கவுன்டி சட்ட நூலகங்களுக்கும் சேர்த்து 1 கோடியே 65 லட்சம் டாலர் ஒருமுறை நிதியாகக் கொடுத்தது. 58 கவுன்டிக்கும் அது பிரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி பெரிய இடத்துக்கும், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஆல்பைன் மாதிரி குட்டிக் கவுன்டிக்கும். அந்த மாதிரி உதவி வருடாவருடம் சூத்திரப்படி வர வேண்டும் என்பதே என் கருத்து. வழக்குக் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு நூலகத்தை நடத்துவது, திருவிழாவில் விழும் உண்டியல் காசை நம்பி அன்றாடப் பூசை நடத்துவது போல.

---

பழையஏடு

கணக்கப்பிள்ளை ஐயா சொல்வதை முக்கால்வாசி ஏற்கிறேன். மீதிக் கால்வாசி பயம்.

பொது நிதிக்கு முழுவதும் மாறிவிட்டால் வருடாவருடம் கையேந்த வேண்டும். பட்ஜெட் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது நூலகத்தில்தான். காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்தில் நிற்க வைத்தால் சட்ட நூலகத்துக்காக எந்த அரசியல்வாதி குரல் கொடுப்பார்? வழக்குக் கட்டணம் குறைவாக வந்தாலும் அது சட்டப்படி நூலகத்தின் பணம். வேறு எதற்கும் எடுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது.

நம்மூர் நூலக வரியை நினைத்துப் பாருங்கள். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தபோதே, வீட்டு வரியோடு நூலக வரி என்று தனியாக வாங்க வழி செய்தார்கள். நூலகத் துறை முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டு வந்த சட்டம். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். வீடு இருக்கும் வரை வரி வரும். வழக்கு மாதிரி ஏறி இறங்காது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. தனிப் பணமும் வேண்டும், அந்தப் பணம் நிலையான ஒன்றிலிருந்தும் வர வேண்டும் என்று அவர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். இங்கே தனிப் பணம் இருக்கிறது, நிலையான ஊற்று இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொது நூலகத்தோடு சேர்ப்பது பற்றிக் கூகை கேட்டார். குட்டிக் கவுன்டிகளில் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் தப்பில்லை. ஆனால் கட்டடத்தைச் சேர்ப்பது வேறு, பணத்தைச் சேர்ப்பது வேறு. பணத்தைச் சேர்த்தால் இரண்டு வருடத்தில் சட்டப் பகுதி ஒரு அலமாரியாகச் சுருங்கிவிடும். சட்டம் தெரிந்த நூலகர் ஒருவர் அந்த மேசையில் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

---

மீனா_ஓசி (ஆரஞ்சு கவுன்டி)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவாகரத்து. வேலைக்குப் போகும் விசா இல்லை, கையில் பணம் இல்லை, குழந்தைக்கு நான்கு வயது. எஃப்எல்-100 என்ற விவாகரத்து மனுப் படிவத்தை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் அழுதேன். சட்ட நூலகத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடத்தினார்கள். என்னைப் போல எட்டுப் பேர். எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன அர்த்தம் என்று சொன்னார்கள். அது போதுமாக இருந்தது.

கிரிமினல் வழக்கில் ஏழைக்கு அரசே வக்கீல் தரும். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கிடியன் தீர்ப்பு அதைக் கொடுத்தது. விவாகரத்துக்கு, வீட்டுக்கு, கடனுக்குப் பெரும்பாலான இடங்களில் அப்படி யாரும் தர மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது அந்த மேசை மட்டும்தான். அதைப் பற்றிப் பேசும்போது 'செலவு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

கூகை

மீனா அம்மா, நான்தான் அந்தச் சொல்லை எழுதினேன். மன்னிக்க வேண்டும். சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

தாமிரபரணி, அந்தக் குழுக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போக முடியுமா?

---

பழையஏடு

தாராளமாக. அது உள்ளூர்ப் பொது அமைப்பு, பொது அமைப்புகளின் கூட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டம் பொருந்தும். 1953-இல் வந்த சட்டம். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்னால் நிகழ்ச்சி நிரலை வெளியே ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், பேச நேரம் தர வேண்டும். பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. என் பதினான்கு வருடத்தில் பொதுமக்கள் நாற்காலியில் நான் பார்த்தது நான்கைந்து பேர். நிறையக் கூட்டங்களில் அந்த நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்போம்.

போகிறவர்கள் வெறும் கோபத்தோடு போகாதீர்கள். மூன்று கேள்விகளோடு போங்கள். நம் கவுன்டியில் ஒரு வழக்குக்கு நூலகத்தின் பங்கு எத்தனை டாலர்? போன ஐந்து வருடத்தில் கட்டண விலக்கு எவ்வளவு கூடியது? சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும்? இதைக் கேட்டால் அவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள். குழுவில் இருக்கும் மேற்பார்வையாளரின் பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் அந்த அறையில் ஓட்டுக்காக உங்களை நாடுகிறவர் பெரும்பாலும் அவர் மட்டும்தான்.

---

தாமிரபரணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போனேன்.

கூட்டம் மதியம் 12.15-க்கு, நூலகத்தின் பின் அறையில். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. வேலைக்குப் போகிறவர் யார் இந்த நேரத்துக்கு வர முடியும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். நீள மேசை. ஐந்து பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் நீதிபதிகள், ஒருவர் அங்கியோடேயே வந்துவிட்டார், ஒரு மணிக்கு அவருக்கு வழக்கு. எனக்கு மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொடுத்த நூலகர் அம்மா மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் எழுந்து, சுவரோரம் இருந்த நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டார். அக்கா சொன்னது அப்படியே நடந்தது.

எனக்கு மூன்று நிமிடம். டெபாசிட் கதையை ஒரு நிமிடத்தில் சொன்னேன். வெள்ளிக்கிழமை கதவில் பார்த்தவரைப் பற்றிச் சொன்னேன். சம்மன் கையில் வந்தவருக்கு எண்ணி 10 நாள்தான், அதில் இரண்டு வாரத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போனால் மிச்சம் எட்டு நாள் என்றேன். அப்புறம் அந்த மூன்று கேள்விகள். கூகையும் வந்திருந்தார், அவர் தன் மூன்று நிமிடத்தில் சேமிப்பு நிதி பற்றிக் கேட்டார். கணக்கப்பிள்ளை ஐயா எழுதிக் கொடுத்த கேள்வி அது.

பொதுமக்கள் பேச்சுக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லையாம். ஆனாலும் அங்கியோடு வந்த நீதிபதி, "அந்த 10 நாள் கணக்கை நாங்கள் யோசிக்கவில்லை" என்றார். மறைக்காமல் சொன்னார். நேரக் குறைப்பை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மறுபடி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக வேறு நேரத்தைக் குறைக்க முடியுமா என்று நூலகரைப் பார்க்கச் சொன்னார்கள். மேற்பார்வையாளரின் சார்பில் வந்தவரிடம் கவுன்டி பொது நிதியிலிருந்து ஒரு சிறு தொகை கேட்க முடியுமா என்றேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்.

முதலில் எல்லாம் மாநிலமே தந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இந்த இழையைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கட்டணப் பங்கு அப்படியே சட்டப்படி இருக்கட்டும், அதில் யாரும் கைவைக்க வேண்டாம். கட்டண விலக்கு கொடுத்ததால் எத்தனை டாலர் நூலகத்துக்கு வராமல் போனதோ, அந்தத் தொகையை மட்டும் மாநிலம் வருடாவருடம் ஈடு செய்தால் போதும். ஏழைக்கு விலக்கு கொடுப்பது மாநிலத்தின் முடிவு. அந்தச் செலவை ஏழை வந்து உட்காரும் நூலகத்தின் தலையில் வைத்தது நியாயமில்லை. இதைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி போகும்.

வரைவை நாளை இரவு இங்கே போடுகிறேன். பழையஏடு அக்கா, பிரிவு எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். அடுத்த கூட்டம் அடுத்த மாதம், அதே 12.15. வர முடிந்தவர்கள் கை தூக்குங்கள்.

---

மீனா_ஓசி

நான் வேறு கவுன்டி. ஆனாலும் வருகிறேன். பிரவுன் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அக்கா சொன்னாரே. குழந்தையைக் கூட்டி வருவேன், பரவாயில்லையா?

---

தாமிரபரணி

பரவாயில்லை அம்மா. இரண்டு நாற்காலி விரித்து வைக்கச் சொல்கிறேன்.